விற்காத மருந்துக்கும் விலை கொடுப்போம்

விபத்தில் தலையில் அடிபட்டோ, பக்கவாதத்தால் நினைவிழந்தோ, பெரிய அறுவைச் சிகிச்சை ஒன்றை முடித்துக்கொண்டோ தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும் ஒருவர், வந்த நோயின் பிடியிலிருந்து மெல்ல மீண்டு, இனிப் பயமில்லை என்று வைத்தியர் வாயால் கேட்டு உறவினர் நெஞ்சாறிய நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மறுபடியும் காய்ச்சல் கண்டு, சளி பெருகி, மூச்சு முட்டி, கொண்டுவந்த நோயால் அல்லாமல் வந்த இடத்தில் தொற்றிய நோயால் உயிர்விடுவது நம் ஆஸ்பத்திரிகளில் அபூர்வமான சம்பவம் அன்று. மருத்துவமனையில் சேர்ந்து 48 மணி நேரம் கழிந்த பின் தோன்றும் இந்த நுரையீரல் அழற்சியை ஆஸ்பத்திரி நிமோனியா என்று வைத்தியர்கள் தனி வகையாகவே பிரித்து வைத்திருக்கிறார்கள். வென்டிலேட்டர் என்னும் செயற்கைச் சுவாசக் கருவியில் இருப்பவருக்கு வருவது அதிலும் கொடியது. அப்படி நோயுற்றவர்களில் நூற்றுக்கு இருபது பேர் முதல் ஐம்பது பேர் வரை இறந்துவிடுகிறார்கள் என்று பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. இந்த நோய்க்கு வேண்டிய புதிய மருந்துகள் ஏன் போதிய அளவில் பிறக்கவில்லை, பிறந்தவையும் ஏன் நம் வீட்டு நோயாளியின் கட்டிலருகே வந்து சேரவில்லை என்னும் கேள்வி விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று; வரி செலுத்தும் ஒவ்வொருவருக்கும், என்றேனும் ஒரு நாள் அந்தக் கட்டிலில் படுக்க நேரக்கூடிய ஒவ்வொருவருக்கும் உரியது.

நோய் உண்டாகும் வழியைச் சற்று அருகிருந்து பார்ப்போம். தானாக மூச்சுவிட இயலாதவரின் வாய் வழியாக ஒரு பிளாஸ்டிக் குழாயை மூச்சுக்குழலுக்குள் செலுத்தி, காற்று பக்கவாட்டில் கசியாதிருக்கும் பொருட்டு அதன் நுனியருகே உள்ள சிறு பலூனை ஊதி உப்பச் செய்கிறார்கள். உயிரைக் காக்கும் அந்தக் குழாயே, தொண்டைக்குள் அந்நியப் பொருள் இறங்கினால் குரல்வளை மூடிக்கொள்வதும் இருமல் எழுந்து அதை வெளியே தள்ளுவதுமாகிய இயற்கைக் காவல் இரண்டையும் ஒருங்கே நீக்கிவிடுகிறது. வாயில் ஊறும் எச்சில் பலூனுக்கு மேலே தேங்குகிறது. தேங்கியது பலூனின் மெல்லிய மடிப்புகளின் இடுக்கு வழியே துளித்துளியாகக் கீழே இறங்குகிறது. குழாயின் உட்சுவரிலோ கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டி, மருந்து எளிதில் ஊடுருவ முடியாத வழவழப்பான படலமாகப் படிகின்றன. தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி வரை உயர்த்தி வைப்பதும், வாயைச் சுத்தம் செய்வதும், ஒவ்வொரு நோயாளியைத் தொடுமுன்னும் தொட்ட பின்னும் கை கழுவுவதும், மயக்க மருந்தைக் குறைத்து இன்றைக்குக் குழாயை எடுத்துவிடலாமா என்று நாள்தோறும் பார்ப்பதும் இந்த ஆபத்தைப் பெரிதும் குறைக்கும். ஆனால் அறவே நீக்கிவிடாது. எத்தனை கவனமுள்ள மருத்துவமனையிலும் சிலருக்கு இந்த நோய் வரும். வந்த பின் அவருக்கு மருந்து வேண்டும்.

அந்த மருந்து எது என்று கண்டுகொள்ள நோயாளியின் சளி பரிசோதனைச் சாலைக்குப் போகிறது. அதிலிருந்து வளர்த்தெடுத்த கிருமியை ஒரு வட்டத் தட்டில் சீராகப் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து தோய்ந்த சிறு காகித வில்லைகளை அதன்மேல் வட்டமாக அடுக்கி, ஓரிரவு இளஞ்சூட்டில் வைத்துவிட்டு மறுநாள் பார்க்கிறார்கள். எந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிந்த வளையம் தெரிகிறதோ அந்த வில்லையின் மருந்து பலிக்கும் என்று பொருள். நம் நாட்டுத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இந்த நோயை உண்டாக்குவதில் முன்னணியில் நிற்கும் அசினெட்டோபாக்டர் பௌமானி என்னும் கிருமியைப் பரப்பிய தட்டிலோ, வில்லைக்குப் பின் வில்லையாகப் பார்த்து வந்தாலும் வளையமே தென்படாத காலை வேளைகள் சாதாரணமாகிவிட்டன. உலர்ந்த கட்டில் சட்டத்திலும் கருவியின் பொத்தானிலும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கக்கூடிய இந்தக் கிருமியும், கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் ஆகிய அதன் கூட்டாளிகளும், இறுதிக் காவலாக வைத்திருந்த கார்பாபெனெம் வகை மருந்துகளுக்கும் அடங்காதவையாகப் பெருகிவிட்டன என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு அறிக்கைகள் ஆண்டு தவறாமல் எடுத்துரைத்து வருகின்றன.

அப்போது வைத்தியர் கை நீட்டுவது கொலிஸ்டின் என்னும் பழைய மருந்தை நோக்கி. 1940-களின் இறுதியில் ஜப்பானில் கண்டறியப்பட்டு, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்ற காரணத்தால் 1970-களில் பெரும்பாலும் கைவிடப்பட்டு, வேறு கதியில்லாமல் மீண்டும் அழைத்துவரப்பட்ட மருந்து அது. இரத்தத்திலிருந்து நுரையீரலின் காற்றறைகளுக்குள் போதிய அளவில் சென்று சேராத அந்த மருந்தைக் கொண்டு நுரையீரல் நோயை எதிர்க்க வேண்டியிருக்கிறது. நுரையீரல் பிழைத்தால் சிறுநீரகம் பழுதாகலாம் என்று உறவினரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. இதைக் கோழியையும் பன்றியையும் கொழுக்க வைப்பதற்காகத் தீனியில் கலந்துகொண்டிருந்தோம் என்பதும், 2019-ல்தான் மத்திய அரசு அதற்குத் தடை விதித்தது என்பதும் வெட்கத்தோடு நினைவுகூர வேண்டிய செய்திகள்.

இந்த வரலாற்றில் சென்னைக்கு ஒரு விசேஷமான இடம் உண்டு. கார்பாபெனெம் மருந்துகளைச் சிதைத்துவிடும் என்.டி.எம்.-1 என்னும் நொதியை உண்டாக்கும் மரபணு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிரிட்டனிலும் பரவியிருப்பதை 2010-ல் உலகுக்கு அறிவித்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. அந்த மரபணுவுக்குச் சூட்டிய பெயரில் புதுடில்லி இருந்ததற்காக அன்று எழுந்த கோபத்தில் செலவான சக்தியில் ஒரு பங்கு அந்த அறிவிப்பின் உட்பொருளை நோக்கித் திரும்பியிருந்தால் பல ஆண்டுகள் மிஞ்சியிருக்கும். நல்லவேளையாக, 2012-ல் இதே நகரில் பல மருத்துவச் சங்கங்கள் ஒன்றுகூடிச் சென்னைப் பிரகடனம் என்னும் திட்டத்தை வகுத்தன; ஏட்டளவில் குறைவற்றதாகவும் நடைமுறையில் செல்லாததாகவும் உள்ள ஒரு சட்டத்தைவிட, நம் நாட்டின் நிலைமைக்கு ஏற்றதாய் நடத்திக் காட்டக்கூடிய கட்டுப்பாடே மேல் என்பது அதன் சாரம். 2014 மார்ச் முதல் உயர்ந்த ரக ஆன்டிபயாடிக் மருந்துகளைச் சீட்டின்றி விற்கக் கூடாதென்றும், விற்றால் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டுமென்றும் விதிக்கும் ‘எச்-1’ அட்டவணை நடைமுறைக்கு வந்தது. இருக்கும் மருந்தைக் காப்பதற்குச் சென்னை வழி சொன்னது. புதிய மருந்தைப் பெறுவதற்கும் சென்னை வழி காட்ட முடியும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

புதிய மருந்தை உண்டாக்குவது எவ்வளவு கடினம் என்பதை முதலில் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். மேற்சொன்ன கிருமிகளுக்கு இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வின் நுண்ணிய துளைகள் வழியே நுழையக்கூடிய மூலக்கூறுகள் மிகச் சில. நுழைந்தவற்றையும் வெளியே இறைத்துத் தள்ளும் புரதப் பம்புகள் உள்ளே இருக்கின்றன. அவற்றுக்கும் தப்பியதை வெட்டிச் சிதைக்க நொதிகள் காத்திருக்கின்றன. இத்தனையையும் கடந்து தட்டில் வெற்றி பெற்ற மருந்து மனித நுரையீரலில் தோற்றுப்போகவும் கூடும். டாப்டோமைசின் என்னும் மருந்து இரத்தத்தில் உள்ள ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியைத் திறமையாகக் கொல்லும். ஆனால் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாதிருக்க நுரையீரல் தானே சுரக்கும் திரவத்தில் அது சிக்கிச் செயலற்றுப் போவதால் நிமோனியாவுக்கு உதவாது. டைஜிசைக்ளின் ஆஸ்பத்திரி நிமோனியாவில் சோதிக்கப்பட்டபோது ஒப்பு மருந்தைவிடத் தாழ்ந்து நின்றது. அந்த மருந்தைப் பெற்றவர்களிடையே மரணம் கூடுதலாக இருப்பதைக் கண்டு அமெரிக்க மருந்து நிர்வாகம் அதன் உறையிலேயே எச்சரிக்கை அச்சிடச் செய்தது.

மனிதர்களிடையே நடத்தும் பரிசோதனையோ இன்னும் பெரிய மலை. நோயாளி நினைவின்றிக் கிடக்கிறார்; சம்மதத்தை அவர் வாயால் பெற முடியாது; கலங்கி நிற்கும் மனைவியிடமோ மகனிடமோ நள்ளிரவில் விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். நோய் உண்டானதாகச் சந்தேகம் எழுந்த கணத்திலேயே வைத்தியர் ஏதேனும் ஒரு மருந்தைத் தொடங்கிவிடுவார். தொடங்காவிட்டால் உயிர் நிற்காது. தொடங்கி ஒரு நாளுக்கு மேலாகிவிட்டால், குணமானது எந்த மருந்தால் என்று பிரித்தறிய முடியாதாகையால் அந்த நோயாளியைப் பெரும்பாலும் ஆய்வில் சேர்க்க இயலாது. எந்தக் கிருமி என்று தெரிய இரண்டு மூன்று நாட்கள். தெரிந்த பின் பார்த்தால் தேடிய கிருமியாக அது இல்லாமலும் போகும். இருபத்தெட்டு நாட்களுக்குள் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதே இந்த ஆய்வுகளின் முக்கியமான அளவுகோல் என்பதிலிருந்தே, இதில் ஈடுபடுவோர் சுமக்கும் பாரம் எத்தகையது என்பது விளங்கும்.

இவ்வளவு தடைகளுக்கும் இடையே விஞ்ஞானம் கை கட்டி நிற்கவில்லை என்பதே நம்பிக்கை தரும் செய்தி. நெடுங்காலமாக வேறு மருந்துக்குத் துணையாக மட்டும் பயன்பட்டுவந்த சல்பாக்டம் தன்னளவிலேயே அசினெட்டோபாக்டரைக் கொல்லும் குணமுடையது. அதைச் சிதைக்கும் நொதிகளைத் தடுத்து நிறுத்த டூர்லோபாக்டம் என்னும் புதிய துணையைச் சேர்த்தார்கள். கார்பாபெனெமுக்கு அடங்காத அந்தக் கிருமியால் நோயுற்றவர்களிடையே நடந்த ஒப்பீட்டில், கொலிஸ்டின் பெற்றவர்களில் இருபத்தெட்டு நாட்களுக்குள் நூற்றுக்கு 32 பேர் இறக்க, புதிய கூட்டு மருந்தைப் பெற்றவர்களில் 19 பேரே இறந்தார்கள். சிறுநீரகக் கேடும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. 2023 மே மாதத்தில் அமெரிக்கா இதற்கு அனுமதி வழங்கியது. ஜப்பானின் ஷியோனோகி நிறுவனம் உருவாக்கிய செஃபிடெரோகால், கிருமிகளுக்கு இரும்புச்சத்தின்மேல் உள்ள தீராப் பசியையே வழியாகக் கொண்டது. இரும்போடு பிணைந்து நிற்கும் அந்த மருந்தைக் கிருமி தன் ஆகாரமென்று எண்ணித் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. என்.டி.எம். நொதியால் சிதைக்க முடியாத அஸ்ட்ரியோனாமை, மற்ற நொதிகளைத் தடுக்கும் அவிபாக்டத்துடன் இணைத்த மருந்துக்கு ஐரோப்பா 2024-ல் இந்த நிமோனியாவுக்கும் சேர்த்து அனுமதி அளித்தது. வெளிச்சவ்வைக் கட்டுவதற்கான மூலப்பொருளைக் கிருமி உள்ளிருந்து வெளியே கொண்டுசெல்லும் பாதையையே அடைத்துவிடும் சோசுராபால்பின் என்னும் முற்றிலும் புதிய வகை மருந்தைப் பற்றி ரோஷ் நிறுவனமும் ஹார்வர்டு விஞ்ஞானிகளும் 2024-ல் அறிவித்தார்கள். எனினும் தேவையோடு ஒப்பிட்டால் இவை சொற்பம். ஆய்வில் உள்ள மருந்துகளைக் கணக்கிட்டு உலக சுகாதார நிறுவனம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, முதன்மைக் கிருமிகளை எதிர்க்க உருவாகிவந்த 32 ஆன்டிபயாடிக் மருந்துகளில் 12 மட்டுமே புதுமையானவை. மிகக் கொடியவை என்று அந்நிறுவனம் வகுத்த கிருமிகளில் ஒன்றையேனும் எதிர்க்கவல்லவை அவற்றுள் நான்கே.

ஏன் இந்த வறட்சி? அறிவுக்குப் பஞ்சம் என்பதைவிட, அறிவுக்குப் பின்னால் நிற்கும் பொருளாதார ஏற்பாடு பழுதானது என்பதே முதற்காரணம். ரத்த அழுத்த மருந்தும் சர்க்கரை மருந்தும் கோடிக்கணக்கானோர் ஆயுள் முழுதும் உட்கொள்பவை. புதிய ஆன்டிபயாடிக் மருந்தோ ஒரு வாரம் பத்து நாட்களுக்கே வேண்டுவது. அதையும், கிருமி பழகிவிடக் கூடாதென்று, வேறு எதுவும் பலிக்காத நோயாளிக்கு மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டுமென்று வைத்திய தர்மம் கட்டளையிடுகிறது. எவ்வளவு குறைவாக விற்கிறதோ அவ்வளவுக்கு உலகுக்கு நன்மை; எவ்வளவு குறைவாக விற்கிறதோ அவ்வளவுக்கு உண்டாக்கியவனுக்கு நஷ்டம். இந்த முரண்பாட்டின் பலியாக அமெரிக்காவின் அக்காவோஜென் நிறுவனத்தைச் சொல்லலாம். அதன் பிளாசோமைசின் 2018 ஜூன் மாதத்தில் அனுமதி பெற்றது. 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இடம் பெற்றது. ஆனால் அந்த 2019 ஏப்ரலிலேயே நிறுவனம் திவாலானது. நோவார்ட்டிஸ், சனோஃபி போன்ற பெரிய நிறுவனங்கள் 2018-ல் இந்தத் துறையை விட்டு வெளியேறின. அஸ்ட்ராசெனெகா தன் பெங்களூரு ஆராய்ச்சிக்கூடத்தை 2014-ல் மூடியபோது, அங்கிருந்த விஞ்ஞானிகள் சிலர் கலைந்துபோகாமல் பக்வொர்க்ஸ் என்னும் சிறு நிறுவனத்தைத் தொடங்கி அதே பணியைத் தொடர்ந்தார்கள் என்பது பாராட்டத்தக்கது; ஆனால் சில நல்ல உள்ளங்களின் பிடிவாதத்தை நம்பி ஒரு தேசத்தின் மருந்துக் கொள்கையை அமைத்துக்கொள்ள முடியாது.

நம் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்வோம். டாசோபாக்டம் என்னும் பழைய மூலக்கூறில் சிறிய மெத்தில் தொகுதி ஒன்றைப் பொருத்தி, அதனால் அதன் மின்னூட்டத்தை மாற்றி, கிருமியின் சவ்வுக்குள் எளிதில் நுழையும்படி செய்து, என்மெட்டசோபாக்டம் என்னும் புதிய மருந்தை உருவாக்கியவர்கள் சென்னையில் உள்ள ஆர்க்கிட் பார்மா நிறுவனத்தின் விஞ்ஞானிகள். செஃபெபைம் என்னும் மருந்தோடு சேர்த்து அளிக்கும்போது, அதைச் சிதைக்கும் ஒரு முக்கியமான நொதிக் குடும்பத்தை அது முடக்குகிறது. ஆனால் இங்கே பிறந்த அந்தக் குழந்தையை இங்கேயே வளர்க்க வகையில்லை. அல்லெக்ரா என்னும் ஐரோப்பிய நிறுவனத்தின் கையில் ஒப்படைத்து, ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடையே பெரிய பரிசோதனை நடத்தி முடிக்க வேண்டியிருந்தது. இடையில் தாய் நிறுவனமோ கடன் சுமையால் 2017-ல் திவால் வழக்குக்கு உள்ளாகி 2020-ல் கைமாறியது. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவும் மார்ச்சில் ஐரோப்பாவும் அனுமதி வழங்க, அதே ஆண்டில் மருந்து இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. பெரிய பரிசோதனை நடந்தது சிறுநீர்த் தொற்றுக்கு; ஐரோப்பாவில் நிமோனியாவுக்கும் அனுமதி கிடைத்தது, நுரையீரல் திரவத்தில் மருந்து போதிய அளவு சேர்கிறது என்னும் அளவீடுகளின் பலத்தால். நிமோனியாவில் நேரடிப் பரிசோதனை நடத்துவது எத்தனை துர்லபம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். என்.டி.எம். நொதியையும் அசினெட்டோபாக்டரையும் இந்த மருந்து வெல்லாது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அமெரிக்க அனுமதி பெறும் தரமுள்ள புதிய மூலக்கூறைச் சென்னையில் படைக்க முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. செஃபிடெரோகாலை ஏழை நாடுகளுக்காகத் தயாரிக்கும் பொறுப்பும் இந்தச் சென்னை நிறுவனத்திடமே ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

சந்தை தானாகப் பார்த்துக்கொள்ளும் என்று சொல்வோர், முதல் ஆன்டிபயாடிக்கின் சரித்திரத்தையே மறந்துவிடுகிறார்கள். 1928-ல் ஃபிளெமிங் லண்டனில் கண்ட பெனிசிலின், ஆக்ஸ்போர்டில் ஃபுளோரி, செயின் முதலியோர் கையில் மருந்தாக உருப்பெற்ற பின்பும், ஒரு சில நோயாளிகளுக்கு மேல் கொடுக்க அளவு போதாமல் இருந்தது. உலகப் போரின்போது அமெரிக்க அரசாங்கம் தன் விவசாய ஆராய்ச்சிக்கூடத்தை அதற்காகத் திறந்துவிட்டு, நிறுவனங்களை ஒருங்கிணைத்து, உற்பத்தியாவதை வாங்கிக்கொள்ளவும் முன்வந்ததனாலேயே 1944-க்குள் போர்முனைக்கு வேண்டிய அளவு பெனிசிலின் கிடைத்தது. சுதந்திரம் பெற்ற இந்தியாவும் அந்தப் பாடத்தை அறிந்தே, யூனிசெஃப், உலக சுகாதார நிறுவனம் ஆகியவற்றின் உதவியோடு 1954-ல் புனேயை அடுத்த பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தை நிறுவியது. பெனிசிலினை உற்பத்தி செய்ததோடு அமையாமல், ஹாமைசின் என்னும் பூஞ்சைக்கொல்லி மருந்தைச் சொந்தமாகக் கண்டுபிடித்த பெருமையும் அந்தப் பொதுத்துறை நிறுவனத்துக்கு உண்டு. பொதுநலத்துக்கு இன்றியமையாத பொருளைப் பொதுப் பணத்தின் துணையால் உண்டாக்குவது நமக்குப் புதிதன்று.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? நம் முன்னோர் வெள்ளம் வந்த ஆண்டில் மட்டும் ஏரிக்கரையைச் செப்பனிடவில்லை. மழை பொய்த்த ஆண்டிலும் ஊர்க்குடிகள் வீட்டுக்கொருவராக மண்வெட்டியுடன் வந்து, கரையை உயர்த்தி, மதகைச் சீர்செய்து குடிமராமத்து நடத்தினார்கள். இவ்வளவு தண்ணீர் வந்தால்தான் இவ்வளவு உழைப்பு என்று எவரும் கணக்குப் பேசவில்லை. வேறு மருந்துக்கு அடங்காத கிருமிக்காகக் காத்துவைக்கும் ஆன்டிபயாடிக்கும் அத்தகையது. எத்தனை குப்பி விற்றது என்று பாராமல், தரமான மருந்து எப்போதும் தயாராக இருப்பதற்கே ஆண்டுதோறும் ஒரு தொகை கொடுக்கும் முறையை பிரிட்டன் 2022-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. செஃபிடெரோகால், செஃப்டாசிடைம்-அவிபாக்டம் ஆகிய இரண்டில் ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு ஒரு கோடி பவுன் வரை என்று ஒப்பந்தம் செய்துகொண்டது. விற்பனைக்கும் வருமானத்துக்கும் உள்ள முடிச்சை அவிழ்த்துவிட்டால், மருந்தை வாரி இறைக்க வேண்டுமென்ற ஆசை நிறுவனத்துக்கும் இராது. மருந்து இல்லையே என்ற தவிப்பு நோயாளிக்கும் இராது.

தமிழ்நாட்டில் இதற்கு அஸ்திவாரம் ஏற்கெனவே இருக்கிறது. 1994-ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை ஒரே இடத்தில் வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, எடுத்த மருந்தின் மதிப்பை அதில் பற்று வைத்து வழங்குகிறது. பல மாநிலங்கள் இதைப் பார்த்துத் தங்கள் ஏற்பாட்டை அமைத்துக்கொண்டன. ஆயினும், விலையுயர்ந்த காப்பு மருந்து ஒன்றை அந்தக் கணக்கில் எழுதினால், ஒரே நோயாளிக்காகப் பல நூறு பேரின் காய்ச்சல் மருந்துக்கான பணம் கரைந்துவிடுமோ என்று நல்ல மருத்துவ அதிகாரியும் தயங்குவார். ஆகையால் இத்தகைய மருந்துகளைப் பாஸ்புக் கணக்குக்கு வெளியே வைத்து, மத்திய அரசும் மாநிலங்களும் சேர்ந்து அமைக்கும் ஒரு பொது நிதியிலிருந்து அவற்றுக்கு ஆண்டுச் சந்தா செலுத்தி, மாநிலத்தின் சில கிடங்குகளில் எந்நேரமும் இருப்பு வைத்து, கேட்ட சில மணி நேரத்தில் எந்த அரசு மருத்துவக் கல்லூரிக்கும் போய்ச் சேரும்படி செய்ய வேண்டும். பதிலுக்கு நிறுவனங்களிடமிருந்து நாம் கேட்க வேண்டியவையும் உண்டு: நியாயமான விலை, தடையற்ற வழங்கல், விளம்பரம் செய்து விற்பனையைப் பெருக்காத உறுதி, ஆலைக் கழிவுநீரில் மருந்தைக் கலந்து ஆற்றில் விடாத ஒழுக்கம்.

இரண்டாவது, பரிசோதனைக்கான வலைப்பின்னல். சென்னை முதல் நெல்லை வரை உள்ள அரசு மருத்துவக் கல்லூரிகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இந்த நோயாளிகள் நாள்தோறும் இருக்கிறார்கள். ஆனால் பயிற்சி பெற்ற ஆய்வுச் செவிலியர், நெறிமுறைக் குழு, சீரான பதிவு ஆகியவற்றோடு எல்லாக் கல்லூரிகளும் ஒரே விதியில் இயங்கும் நிரந்தர அமைப்பு வேண்டும். ஒவ்வொரு மருந்துக்கும் புதிதாக ஆளும் இடமும் தேடுவதால் வீணாகும் காலமும் பணமும் அதனால் மிஞ்சும். நம் கிருமிகள்மீது, நம் நோயாளிகளிடையே மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதும் அந்நிய நாட்டுத் தரவை எதிர்பாராமல் தெரியவரும். மூன்றாவது, மாவட்ட மருத்துவமனை தோறும் கிருமி வளர்ப்புச் சோதனைக்கூடம். எந்தக் கிருமி என்று அறியாமல் கொடுத்த மருந்து எத்தனை உயர்ந்ததாயினும் இருட்டில் எறிந்த கல்தான்.

ஆட்சேபங்கள் இல்லாமல் இல்லை. கை கழுவச் செய்தால் போதும், மருந்துக்கு ஏன் இத்தனை செலவு என்பார்கள். கை கழுவுவதற்கு ஆகும் செலவையும் செய்வோம். செவிலியர் எண்ணிக்கையையும் உயர்த்துவோம். ஆனால் தடுப்பு தவறிய நோயாளியைப் பார்த்து, நீ தடுக்கப்பட்டிருக்க வேண்டியவன் என்று சொல்வது சிகிச்சையாகாது. புதிய மருந்துக்கும் கிருமி பழகிவிடுமே என்பார்கள். பழகத்தான் செய்யும், அதனாலேயே ஒரு மருந்தோடு நின்றுவிடாமல் தலைமுறைக்குத் தலைமுறை மருந்து பிறந்துகொண்டிருப்பதற்கான ஏற்பாடு வேண்டுமென்கிறோம். ஏழை நாட்டின் பணத்தை மருந்து முதலாளிகளுக்குக் கொடுப்பதா என்பார்கள். இப்போது அந்தப் பணத்தைக் கொடுப்பது யார் என்று பார்க்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு வெளியே, கையில் சீட்டோடு, நகையை அடகு வைத்து ஒரு நாள் மருந்துக்குப் பணம் தேடும் குடும்பங்கள் கொடுக்கின்றன. கொடுத்தும் பல வேளைகளில் உரிய மருந்து கிடைப்பதில்லை. இந்தியா உள்ளிட்ட எட்டு நாடுகளில் 2019-ல் கார்பாபெனெமுக்கு அடங்காத கிருமிகளால் தொற்றுற்ற ஏறத்தாழ 15 லட்சம் பேரில், அதற்கு ஏற்ற மருந்தைப் பெற்றவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்தாம் என்று 2025-ல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. இந்தியாவில் மட்டும் பார்த்தாலும் அந்த விகிதம் நூற்றுக்கு எட்டைத் தொடவில்லை. மருந்தை அதிகமாகப் பயன்படுத்துகிறோம் என்னும் குற்றச்சாட்டும், வேண்டிய மருந்து வேண்டியவருக்குக் கிடைக்கவில்லை என்னும் உண்மையும் ஒரே நாட்டில் அருகருகே நிற்கின்றன. வெறும் ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவதை நாம் ஒவ்வொருவரும் நிறுத்த வேண்டும். மூச்சுக்குப் போராடுபவனுக்கு அது கிடைக்கும்படி அரசு செய்ய வேண்டும். இரண்டும் ஒரே கடமையின் இரண்டு பக்கங்கள்.

பெரும் அறுவைச் சிகிச்சையும், புற்றுநோய்ச் சிகிச்சையும், குறைமாதக் குழந்தையைப் பிழைக்கவைக்கும் வித்தையும் இந்த ஆஸ்பத்திரிக் கிருமிகளை அடக்கி வைக்கும் மருந்துகள் இருக்கும் வரைக்குமே பயன் தரும் என்பதை ஆட்சியாளர்கள் உணர வேண்டும். புதிய கட்டடங்களுக்கும் கருவிகளுக்கும் மனமுவந்து கோடிகளை ஒதுக்கும் அரசு, அவற்றுக்குள் படுத்திருப்பவரின் உயிரைக் கடைசி நேரத்தில் காக்கும் மருந்துக்கும் ஒரு நிரந்தர நிதியை வரும் நிதிநிலை அறிக்கையிலேயே ஒதுக்க வேண்டும். மத்திய அரசை அதில் பங்கேற்கச் செய்ய வேண்டிய பொறுப்பு நம் நாடாளுமன்ற உறுப்பினர்களுடையது. அவர்களைக் கேட்க வேண்டிய பொறுப்பு நம்முடையது.